வாய் வறட்சிக்கு ஸ்கேன்: கெடா வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பீடோங், படாங் செராய், குவாலா கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள் வாய் உலர்ந்தால் உடம்புச் சூடு என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். தண்ணீர் குடித்தும் தினமும் நாக்கு ஒட்டுகிறதா? மூன்று மாதமாகியும் ரொட்டியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லையா? அப்படியானால் சூட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. அதே சமயம், நேராகப் போய் விலை கூடிய எம்ஆர்ஐ எடுப்பதும் தேவையில்லை. எதற்குப் பின் எது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் மருந்துப் பை

வாய் வறட்சிக்கு மிகப் பொதுவான காரணம் மருந்துகள்தான். சளி, அரிப்பு மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் பலவும் எச்சிலைக் குறைக்கும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு கிளினிக் கெசிஹத்தானுக்குக் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இனிப்பு நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு அது இருந்தது. சர்க்கரை ஏறினால் வாய் காயும்.

எச்சிலை அளப்பது

இது எளிய சோதனை, ஆனால் பலருக்கும் தெரியாது. எதையும் மெல்லாமல் உட்கார்ந்து, 15 நிமிடம் ஊறும் எச்சிலை ஒரு கிண்ணத்தில் சேர்ப்பார்கள். 1.5 மில்லிலிட்டரோ அதற்கும் குறைவோ இருந்தால் சுரப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. வறட்சியை அளந்து சொல்வது இந்தக் கிண்ணம்தான். எந்தச் சுரப்பியில் என்ன கோளாறு என்பதைக் காட்டுவதுதான் படத்தின் வேலை.

முதல் படம் அல்ட்ராசவுண்ட்

கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, வெறும் வயிற்றோடு போகவும் வேண்டாம். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் ஜெல் தடவிப் பார்ப்பார்கள். நல்ல சுரப்பி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். சொந்த எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஸ்ஜோக்ரன் நோயில் உள்ளே கறுப்புத் திட்டுகள் விழுந்திருக்கும். அவற்றை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். கல் இருந்தால் பளிச்சென்று வெள்ளையாக, பின்னால் நிழலோடு தெரியும். பத்தில் எட்டுக் கற்களாவது தாடைக்கீழ்ச் சுரப்பியில்தான் வரும். புளி ஊறுகாயோ அசாம்போயோ வாயில் போட்டதும் தாடைக்குக் கீழே வீங்கி வலித்தால் கல்லைச் சந்தேகிக்கலாம். இரண்டு கன்னச் சுரப்பிகளும் வலியில்லாமல் பருத்திருப்பது இனிப்பு நீராலும் நீண்ட நாள் மதுவாலும் வரும்.

மருந்தால் வந்த வறட்சியில் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். "ஸ்கேனில் ஒன்றுமில்லை, அம்மா சும்மா சொல்கிறார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் படும் பாடு உண்மை.

அடுத்த கட்டப் படங்கள்

இவை எல்லோருக்கும் வேண்டாம். சிறு கல் கண்ணில் படாமல் போனால் சிடி உதவும். எம்ஆர்ஐ சியாலோகிராபியில் ஊறும் எச்சிலே குழாய்களைப் படத்தில் காட்டிவிடும், சாயம் தேவையில்லை. பழைய முறையில் குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சுரப்பியில் கிருமித்தொற்று கடுமையாக இருக்கும்போது அதைச் செய்யக் கூடாது. அணு மருத்துவ ஸ்கேனில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசியில் ஏற்றி, சுரப்பி அதை எவ்வளவு உறிஞ்சுகிறது, எலுமிச்சைச் சாறு கொடுத்ததும் எவ்வளவு வெளியே விடுகிறது என்று பார்ப்பார்கள். வட்டாரத்தில் பினாங்கு பொது மருத்துவமனையில் அணு மருத்துவப் பிரிவு இருக்கிறது.

ஸ்ஜோக்ரன் நோயைப் படம் மட்டும் உறுதி செய்யாது. 2016இல் அனைத்துலக அளவில் வகுத்த அளவுகோலில் ரத்தச் சோதனைக்கும் உதட்டுத் திசுச் சோதனைக்கும் தலா 3 புள்ளி. நோய் என்று கொள்ள 4 புள்ளி வேண்டும். அல்ட்ராசவுண்டுக்குப் புள்ளியே இல்லை.

எங்கே போவது

கிளினிக் கெசிஹத்தானில் கடிதம் வாங்குங்கள். அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா, சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், கூலிம் மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். பல்லும் சேர்ந்து சொத்தையானால் பல் மருத்துவரையும் பாருங்கள். பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பிரிவு உண்டு.

ஒரு பக்கம் மட்டும் கட்டி நின்று வளர்கிறதா, முகம் கோணுகிறதா, ஸ்ஜோக்ரன் என்று தெரிந்த ஒருவருக்குக் கன்ன வீக்கம் வடியாமல் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.