கட்டம் போட்டால் பழக்கம் வருமா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். கணவருக்குச் சர்க்கரை, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமியாருக்கு பி.பி. மாத்திரை. எட்டாவது படிக்கும் மகன் செல்போனைக் கீழே வைப்பதில்லை. மகள் ஐந்தாவது. எல்லோருக்குமாகப் பதினான்கு வரிசையில் சார்ட் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். செய்தால் ஸ்டார், செய்யாவிட்டால் சிவப்புப் பெருக்கல் குறி. அண்ணனின் சிவப்புக் குறிகளை எண்ணிச் சொல்லியே மகள் சண்டை இழுத்தாள். திருவிழாவுக்கு ஊருக்குப் போனதில் நான்கு நாள் விட்டுப்போனது. அதோடு சார்ட்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆப் எதையாவது பயன்படுத்தலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: குடும்பத்துக்கு ஆப் வேண்டாம், சகோதரி. அது ஒருவர் கைக்குள் இருக்கும். மற்றவர் கண்ணில் படாது. செல்போனைக் குறைக்க வேண்டிய பையனை அதற்காகவே செல்போனைத் திறக்கச் சொல்வதும் சரிவராது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். பால் வாங்காத நாளை அதில்தானே சுழித்து வைக்கிறோம்? சிலிண்டர் மாற்றிய தேதியும் அதில்தான். அந்தச் சுழிப்பைப் பார்த்து வீட்டில் யாருக்கும் மனம் நோவதில்லை. உங்கள் சிவப்புக் குறி பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. முதலில் அதை எடுத்துவிடுங்கள். செய்த நாளுக்கு வண்ணப் புள்ளி. செய்யாத நாள் வெறுமையாக இருக்கட்டும். அவரவர் புள்ளியை அவரவரே வைக்க வேண்டும். அடுத்தவர் புள்ளியை எண்ணக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பதினான்கு வரிசை மிக அதிகம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்பண்புகளுக்குச் சின்ன நோட்டில் கட்டம் போட்டு, தவறியபோதெல்லாம் கரும்புள்ளி வைத்தார். அவரே வாரத்துக்கு ஒரு பண்பில்தான் முழுக் கவனம் வைத்தார். ஆளுக்கு ஒரு நிறம், ஒரே ஒரு பழக்கம் என்று தொடங்குங்கள். எதுவென்று அவரவரே சொல்லட்டும். உங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும். கடிதத்தில் எல்லோரையும் பற்றி எழுதிய நீங்கள் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுவதே உங்கள் பழக்கமாக இருக்கலாம்.

மாமியாரின் மாத்திரையை இதில் சேர்க்காதீர்கள். ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். சாப்பிட்டாரா இல்லையா என்று பார்த்ததும் தெரியும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்க வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

விட்டுப்போன நான்கு நாளுக்காக வருந்தாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர, ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. நான்கு நாள் அதைவிட நீண்ட இடைவெளிதான். என்றாலும் அந்த நாட்களில் ‘திருவிழா’ என்று எழுதிவிட்டு, ஊர் திரும்பிய மறுநாளே தொடங்கிவிடலாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலண்டரில் ஒரே கிழமைகள் ஒரே வரிசையில் வருவது பெரிய வசதி. நீளமாகக் கட்டம் போட்ட சார்ட்டில் இது தெரியாது. கணவரின் நிறம் செவ்வாய்தோறும் விடுபட்டால், சோம்பலென்று அவரைக் கடிந்துகொள்ளாமல் செவ்வாயில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அன்று வேலை முடிய இரவாகிறதென்றால் அந்த ஒரு நாள் நடையைக் காலைக்கு மாற்றிவிடலாம். மகனுக்கும் அப்படித்தான். டியூஷன் இல்லாத நாட்களில்தான் செல்போன் கூடுகிறதா என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று லேபில் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த மூன்று தாள்களையும் ரிப்போர்ட்டோடு எடுத்துப் போங்கள். ஒழுங்காக நடந்தும் அளவு இறங்கவில்லையென்றால் சாப்பாட்டையோ மருந்தையோ மாற்ற வேண்டுமா என்று அவர் யோசிக்க அது உதவும்.