விமானப் பொறியாளராக விருப்பமா?



விமானத்தையும் ராக்கெட்டையும் வடிவமைக்கும் கல்வியே வானூர்தி, விண்வெளிப் பொறியியல். இதற்கான முதல் முடிவைப் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே எடுத்தாக வேண்டும். மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் அடங்கிய பிரிவில் சேர வேண்டும். கணிதம் இல்லாத பிரிவை எடுத்தவர் பின்னர் இப்படிப்புக்கு விண்ணப்பிக்க இயலாது.

ஏன் இந்த மூன்று பாடங்கள்?

விமானத்தின் இறக்கையை மேலே தூக்கும் விசைக்கு ஏற்றவிசை என்று பெயர். மற்றவை மாறாதிருந்தால், அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்காகும். காற்றின் அடர்த்தி குறைந்தால் விசையும் குறையும். அதனால்தான் கடும் வெயில் நாளில் விமானம் மேலெழும்ப, ஓடுபாதையில் அதிகத் தொலைவு ஓட நேர்கிறது. இது இயற்பியல், இதைக் கணக்கிட்டுச் சொல்வது கணிதம்.

வேதியியல் எதற்கு? ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினில் எரியும் ஹைட்ரஜன் -253 டிகிரி செல்சியசில்தான் திரவமாகிறது. அந்தக் குளிரைத் தாங்கும் உலோகம் எது, எரிபொருள் எவ்வாறு எரிகிறது என்பதை வேதியியலே விளக்குகிறது. நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இத்தகைய எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன.

எப்படிச் சேர்வது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம் 1949-இல் தொடங்கப்பட்டது. அப்துல் கலாம் திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, இங்கே வானூர்திப் பொறியியல் பயின்றார். இன்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டு, கலந்தாய்வு மூலம் இடம் தரப்படுகிறது. கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் 50-க்கும் கணக்கிடப்பட்டு, மொத்தம் 200 ஆகிறது.

ஒரு மாணவர் கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 100 பெற்றால் 90 + 50 + 50 = 190. இன்னொருவர் கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 90 பெற்றால் 100 + 45 + 45 = 190. மொத்தத்தில் 10 மதிப்பெண் குறைந்தும் இருவரும் சமம்! கணிதத்தின் எடை புரிகிறதா?

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அவர்களது கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் சேர ஜே.இ.இ. மெயின், அட்வான்ஸ்டு ஆகிய இரு தேர்வுகளிலும் வெல்ல வேண்டும். மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். திருவனந்தபுரத்தில் 2007-இல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் அட்வான்ஸ்டு தேர்வின் அடிப்படையிலேயே மாணவரைச் சேர்க்கிறது.

கண்ணாடி அணிவோர் தயங்க வேண்டாம். விமானம் ஓட்டுவது வேறு, வடிவமைப்பது வேறு. பொறியியல் படிக்க அது தடையன்று.

செய்து பாருங்கள்

1. வேகம் 3 மடங்கானால் ஏற்றவிசை எத்தனை மடங்காகும்?
2. கணிதம் 94, இயற்பியல் 88, வேதியியல் 92 எனில், 200-க்கு எவ்வளவு?

(விடை: 1. 9 மடங்கு, 2. 184)