கைபேசியில் ஆபா: ஓ.பி. சீட்டு எடுக்க

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் அறிமுகமான ஆபா, 14 இலக்க மருத்துவ அடையாள எண்; இதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார் வழியாகப் பதிவு செய்தால், ஆதாரில் இணைத்த எண்ணுக்கே ஓடிபி வரும். பாட்டியின் ஆதாரில் மகனின் எண் இருந்தால், மகன் வீட்டிலிருக்கும் ஞாயிறே தோது.

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து போரிங், விக்டோரியா மருத்துவமனைகளுக்குப் போவோர், பதிவுக் கவுன்ட்டர் அருகே ஆபா கியூஆர் பலகை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது. இருந்தால், ஆபா செயலியில் ஸ்கேன் செய்து விவரம் பகிர்ந்ததும் திரையில் டோக்கன் எண் வரும். பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைக்க வேண்டியதில்லை.

பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறியக் கூடாது: மருத்துவமனை இணைக்காத ஆவணம் செயலியில் தானாக வராது.