அடிபடாதவருக்கு எந்தக் கோடு?

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு சார்ட்டுகளைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ உட்கார்ந்து கோடு செய்பவர்களுக்கு விபத்துக் கேஸ் புதிதல்ல. கை முறிந்தவர், தலையில் தையல் போட்டவர் என்றால் குழப்பமில்லை, காயங்களுக்கான எஸ் அத்தியாயத்தைத் திறந்தால் போதும். தடுமாற வைப்பவர் ஒன்றுமே ஆகாதவர்தான். பின்னால் வந்த கார் இடித்திருக்கும். போலீஸ் சொல்லியோ பயத்திலோ ஆம்புலன்ஸில் ஏறி வந்திருப்பார். டாக்டர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுக் காயமில்லை, வலியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் நோயறிதல் கோடு இல்லாமல் கிளெய்ம் போகாது.

இந்த ஆளுக்காக ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் இசட்04 வகையில் மூன்று கோடுகள் இருக்கின்றன. இசட்04.1 போக்குவரத்து விபத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கும் கண்காணிப்புக்கும் உரியது. இசட்04.2 வேலையின்போது நேர்ந்த விபத்துக்கு. இசட்04.3 மற்ற விபத்துகளுக்கு. ஐசிடி-9 காலத்தில் வேலை விபத்துக்கு வி71.3, மற்ற எல்லாவற்றுக்கும் வி71.4 என்று இரண்டே கோடுகள்தான். சாலை விபத்தும் வி71.4-க்குள்தான் கிடந்தது. 2015 அக்டோபர் 1-இல் அமெரிக்கா ஐசிடி-10-சிஎம்முக்கு மாறியபோது அதற்குத் தனிக் கோடு கிடைத்தது.

மூன்றில் எது என்று தேர்வது பெரிய வேலையில்லை. இசட்04-க்குள் போகலாமா கூடாதா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆடிட்டரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகள் இதில் கறாரானவை. ஏதோ இருக்கலாம் என்ற சந்தேகத்தில் பார்த்து, பிறகு அது இல்லை என்று தெளிந்தால் மட்டுமே கண்காணிப்புக் கோடு. அந்தச் சந்தேகத்தோடு தொடர்புடைய காயமோ நோயோ அறிகுறியோ ஒன்று இருந்தாலும் இந்தக் கோடு கூடாது. காயத்தையோ அறிகுறியையோ கோடு செய்து, தேவைப்படும் இடத்தில் அது எப்படி நேர்ந்தது என்று சொல்லும் வெளிக்காரணக் கோட்டையும் சேர்க்க வேண்டும். அதாவது சார்ட்டில் ‘கழுத்து வலிக்கிறது’ என்று நோயாளி சொன்ன ஒரு வரி இருந்து, டாக்டரும் அதைக் கருத்தில் எடுத்திருந்தால் இசட்04.1 அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்தக் கழுத்து வலியையே எடுத்துக்கொள்வோம். ஒரே புகாரை டாக்டர் நான்கு விதமாக எழுதலாம், அதைப் பொறுத்துக் கோடு மாறும். கழுத்துச் சவ்வுப் பிசகு என்றோ விப்லாஷ் என்றோ எழுதினால் எஸ்13.4. கழுத்துத் தசை இழுப்பு என்றால் எஸ்16.1. வெறும் கழுத்து வலி என்று நிறுத்திக்கொண்டால் எம்54.2. ‘பிசகு இருக்கலாம்’ என்று எழுதியிருந்தாலும் எம்54.2-தான். ஏனென்றால் வெளிநோயாளி சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘போலத் தெரிகிறது’ வகைகளை உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது. உள்நோயாளியாகச் சேர்த்த மருத்துவமனைக் கணக்கில் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அப்படி எழுதியிருந்தால் இந்த விதி தலைகீழாகிறது, அங்கே இருப்பதாகவே கோடு செய்யலாம். உள்நோயாளி சார்ட்டிலிருந்து அவசரப் பிரிவுக்கு மாறி வருகிற கோடர்கள் முதல் வாரத்தில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தலை விஷயம் இதைவிடச் சிக்கலானது. சிடி ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கும், உடனே கை இசட்04.1-ஐத் தேடும். டாக்டர் இறுதி நோயறிதலில் ‘தலைக்காயம்’ என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் எஸ்09.90. உள்ளே ரத்தக் கசிவில்லை என்றுதான் ஸ்கேன் சொல்கிறது, தலையில் அடியே படவில்லை என்று சொல்லவில்லை. ‘தலைக்காயம் இல்லை, தலைவலி மட்டும்’ என்று எழுதியிருந்தால் ஆர்51.9. புகாரும் இல்லை, வீக்கமும் இல்லை, வேகத்தைக் கேட்டுப் பயந்து ஸ்கேன் எடுத்தார், ஒன்றுமில்லை என்றால்தான் இசட்04.1. முழங்காலில் ஒரு சிராய்ப்பு இருந்தாலும் அது காயம்தான், எஸ்80.2-க்குப் போக வேண்டும்.

அப்படியானால் இசட்04.1 யாருக்குத்தான்? என் பார்வையில் இது அதிகம் பொருந்துவது குழந்தைகளுக்கு. விபத்தில் அம்மாவுக்கு அடி, பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கூடவே தூக்கி வந்து காட்டுகிறார்கள். அடுத்து, காப்பீட்டுக்காக வருகிற பெரியவர்கள். புளோரிடா மாநிலத்தில் வாகனக் காப்பீட்டின் தனிநபர் காயப் பாதுகாப்புப் பலன் கிடைக்க வேண்டுமானால் விபத்து நடந்த 14 நாட்களுக்குள் முதல் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அதனால் எதற்கும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று வருபவர்கள் உண்டு. ஆனால் இவர்களில் பலர் உள்ளே வந்ததும் எங்கேயோ வலிக்கிறது என்பார்கள். அந்த வலி நிஜமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. டாக்டர் பதிவு செய்திருந்தால் அதைக் கோடு செய்யுங்கள்.

இசட்04.1-க்கும் இசட்04.2-க்கும் இடையே ஒரு வேலி இருக்கிறது. பார்சல் வண்டி ஓட்டுபவர் டெலிவரிக்குப் போகும்போது இடித்துக்கொள்கிறார், காயமில்லை. இது சாலை விபத்தா, வேலை விபத்தா? இரண்டும்தான். ஆனால் இசட்04.1-க்குக் கீழே உள்ள முதல் வகை விலக்குக் குறிப்பு வேலை விபத்தை இசட்04.2-க்கு அனுப்புகிறது, இரண்டையும் சேர்த்துப் போட முடியாது. பணம் தருபவரும் மாறுகிறார். இது வழக்கமாகத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்குப் போக வேண்டிய பில். ஆகவே வண்டியில் வந்தவர் என்றதும் இசட்04.1-ஐத் தட்டிவிடாமல், சம்பள வேலையில் இருந்தாரா என்று நர்ஸ் குறிப்பிலும் பதிவுப் படிவத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இசட்04.3-இன் வழக்கமான ஆள் முதியோர் இல்லத்திலிருந்து வருபவர். கட்டிலிலிருந்து சரிந்தார், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் இல்லத்தின் விதிப்படி அனுப்பிவிட்டார்கள். வலி இல்லை, ஸ்கேனும் சரி. முதலில் இசட்04.3 போட்டு, மாத்திரைக்கு இசட்79.01 சேர்க்கலாம். அது சந்தேகப்பட்ட காயத்தோடு சேராத தகவல், அதனால் தடையில்லை. ஆனால் ஏன் அடிக்கடி விழுகிறார் என்று டாக்டர் ஆராயத் தொடங்கிவிட்டால் ஆர்29.6 வந்துவிடுகிறது, அதன்பின் கதை வேறு.

விபத்து மாதிரித் தோன்றினாலும் இந்த மூன்றுக்கும் சேராதவை சில. குழந்தை காசை விழுங்கிவிட்டது என்று பெற்றோர் ஓடி வந்து, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் இசட்03.821. மாத்திரையை விழுங்கியிருக்குமோ என்று பயந்து, இல்லையென்று தெளிந்தால் இசட்03.6. ஓட்டுநர் குடித்திருந்தாரா என்று பார்க்க ரத்தம் மட்டும் எடுக்கப் போலீஸ் அழைத்து வந்தால் இசட்02.83. குழந்தையை யாரோ அடித்ததாகப் புகார் வந்து, பரிசோதனையில் அப்படி இல்லை என்று தெளிந்தால் அதை விபத்துக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது இசட்04.72. கர்ப்பிணிக்குக் காயம் இருந்தால் ஓ9ஏ.2 முன்னால் நிற்கும், காயக் கோடு பின்னால் வரும்.

வெளிக்காரணக் கோட்டை இசட்04.1-உடன் சேர்க்கலாமா என்பதில் டீமுக்கு டீம் சண்டை. வாத்து மோதியதற்குக்கூட டபிள்யூ61.62 என்று கோடு வைத்திருக்கும் புத்தகம் இது, சேர்க்கும் ஆசை வருவது இயல்புதான். ஆனால் போக்குவரத்து விபத்துக்கான வெளிக்காரணக் கோடுகளான ஐசிடி-10-சிஎம் வி கோடுகளின் தலைப்பில் ‘காயமடைந்தவர்’ என்றே இருக்கிறது. நம் ஆளுக்குக் காயமில்லை, போக்குவரத்து விபத்து என்பதையும் இசட்04.1 தானே சொல்லிவிடுகிறது. கிளையண்டின் எழுத்து வழி உத்தரவு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் முடிவு. இந்தக் கோடுகளை எல்லோரும் கட்டாயம் போட வேண்டும் என்ற நாடு தழுவிய விதி அமெரிக்காவில் இல்லை, மாநிலமோ பேயரோ கேட்டால்தான் கட்டாயம். எப்படியானாலும் அவை முதல் இடத்தில் வரக் கூடாது. இசட்04-க்கு ஏழாவது எழுத்தும் கிடையாது, காயக் கோடுகளுக்குப் போடும் பழக்கத்தில் ‘ஏ’ சேர்த்தால் கிளெய்ம் திரும்பி வரும்.

இன்னொன்று. அப்சர்வேஷன் வார்டில் ஒரு இரவு தங்கினார் என்பதற்காக இசட்04 போடுபவர்கள் இருக்கிறார்கள். வார்டில் வைத்திருப்பது மருத்துவமனையின் பில் நிலை, நோயறிதலோடு அதற்குச் சம்பந்தமில்லை. விலா முறிந்தவரையும் அதே வார்டில்தான் இரவு முழுக்க வைத்திருப்பார்கள், அவருக்கு எஸ்22-தான்.

டிரையாஜ் நர்ஸ் ‘கழுத்து வலி’ என்றும் டாக்டர் ‘புகார் எதுவுமில்லை’ என்றும் எழுதிய சார்ட் வந்தால் இரண்டில் வசதியானதை எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டருக்குக் குவெரி அனுப்புங்கள். பதில் வர நாளாகும், உற்பத்தி எண்ணிக்கை குறையும், டீம் லீடர் முகம் சுளிப்பார். ஆனாலும் அனுப்புங்கள். கடைசியாக, கோடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1-இல் மாறுகின்றன, ஏப்ரல் 1-இலும் சில சேர்வதுண்டு. நோயாளி வந்த தேதியில் எந்தப் பதிப்பு நடப்பில் இருந்ததோ அதையே திறந்து பாருங்கள்.