ரோட்டில் கிடந்த நாயும் 163 மில்லிமீட்டரும்

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றதும் பேட்டரி கார் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது சிலபஸில் எந்த யூனிட்டிலும் வராத ஒரு விஷயம். தாழ்வான காரில் ராத்திரி போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ரோட்டில் ஒரு செத்த நாயோ, ஆடோ கிடந்தால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்குத் தப்பான விடை சொல்லி, என் தாய்மாமாவுக்கு ரூ.68,000 செலவு வைத்தவன் நான்.

மாமா ஓட்டுவது 2018 மாடல் டீசல் டிசையர். டாக்ஸி. போன ஐப்பசியில் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு சவாரி வந்தது. காலேஜ் லீவு என்பதால் நானும் முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். பின்னால் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான். விருதுநகர் வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். சி.சி. எவ்வளவு, டார்க் எவ்வளவு, கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர் என்று ஒரே அளப்பு. பின்சீட்டுப் பெரியவர்கூட "தம்பி நல்லா படிக்கிறாரு போல" என்றார். மாமாவுக்குப் பெருமை.

சாத்தூர் தாண்டி நாலுவழிச் சாலை. வேகம் 90. முன்னால் ஒரு பஸ். அது எதையோ தாண்டிப் போனது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த கணம் நம் ஹெட்லைட் வெளிச்சத்தில் குறுக்கே ஒரு நாய் செத்துக் கிடக்கிறது. வலப்பக்கம் லாரி ஒட்டி வருகிறது. மாமா "மாப்ளே!" என்றார். நான் "நடுவுல விடுங்க மாமா!" என்று கத்தினேன். விட்டார். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம்.

நாய் மோதினால் அப்படிச் சத்தம் வராது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மீட்டரில் எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தது. "மாமா, ஆயில் லைட்டு! ஆஃப் பண்ணுங்க" என்றேன். இது மட்டும் சரியாகச் சொன்னேன். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. "இருட்டுக்குள்ள பொம்பளையாளுங்கள வச்சுக்கிட்டு நிக்க முடியாதுடா, அந்தா பங்க் லைட்டு தெரியுது" என்று ஓட்டினார். ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அதுவே நின்றுவிட்டது.

163 என்பது எந்தக் காரின் அளவு?

நாம் பாஸாவதற்காகப் படிக்கிற அளவுகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. கம்பெனிக்காரர் அச்சடிக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் காலி வண்டிக்கு. ஆள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கினால் சம்ப் கீழே வரும். லீவு முடிந்து வந்ததும் நம் ஷாப்பில் நிற்கும் பழைய மாருதி 800-இல் இதை அளந்து பார்த்தோம். காலியாக நிற்கும்போது மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் 168 மி.மீ. நம் வகுப்பில் நல்ல சாப்பாட்டு ராமன்கள் ஐந்து பேரை ஏற்றினோம். 127 ஆகிவிட்டது. சுமார் இரண்டு விரற்கடை போயே போய்விட்டது. இது நிற்கிற வண்டியில். ஓடுகிற வண்டியில் பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் இன்னும் குனியும். சம்ப், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர் எல்லாம் இருப்பது அந்த முன்பக்கத்தில்தான். ஆக, மிகவும் உயரம் வேண்டிய நேரத்தில்தான் நம் காருக்கு உயரம் மிகவும் குறைவு.

ஒருக்களித்துக் கிடக்கும் நாட்டு நாய் சுமாராக ஒரு சாண் உயரம் இருக்கும். நம்ம வெயிலில் ஒரு நாள் கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து இன்னும் உப்பும். ஆடு, பன்றி பற்றிச் சொல்லவே வேண்டாம். பஸ்ஸும் லாரியும் அலட்சியமாக நடுவில் விட்டுப் போகிற ஒன்று நம் சம்ப்பை நேராகப் பிடிக்கும். அதிலும் அவற்றின் பின்னால் ஒட்டிப் போனால் நாய் இருப்பதே கடைசி நொடியில்தான் தெரியும். எங்களுக்கு நடந்தது அதுதான். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் மூன்று எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப நெருக்கம்.

கண் எட்டும் தூரமும் கால் எட்டும் தூரமும்

மெக்கானிக்ஸ் பேப்பரில் போட்ட கணக்குதான். ஒன்றைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை வினாடிக்குள் 25 மீட்டர் ஓடிவிடும், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20. மொத்தம் 45 மீட்டர். 90-இல் 37-ம் 46-ம் சேர்ந்து சுமார் 83 மீட்டர். மழை பெய்து கெழு 0.4 ஆகிவிட்டால் 60-க்கே 60 மீட்டர் வேண்டும்.

எதிரே வண்டி வருவதால் நாம் போட்டுக்கொண்டு போகிற டிம் லைட்டில் கறுப்புத் தார் மேல் கிடக்கும் ஒரு மங்கல் நிற நாய் ஐம்பது, அறுபது மீட்டருக்கு முன்னால் தெரிந்தால் அதிர்ஷ்டம். 60-இல் போகிறவர் பார்த்தபின் நிற்கலாம். 90-இல் போகிறவர் பார்த்தபின் யோசிக்கத்தான் முடியும். பகலில் நமக்கு ஒரு துணை உண்டு: காக்கை. ரோட்டு நடுவில் நாலைந்து காக்கை எழுந்து எழுந்து உட்கார்ந்தால் அங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கால் கிலோமீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிடலாம்.

இனி, பார்த்தாகிவிட்டது, என்ன செய்வது? முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக்கூடாது. டயரின் பிடிமானம் என்பது பையில் இருக்கிற பணம் மாதிரி. பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்டால் கையை விரித்துவிடும். 90-இல் ஒடித்து, பயந்து திரும்பவும் எதிர்ப்பக்கம் ஒடித்தால் வண்டியின் வால் வீசும். அந்தப் பக்கம் மீடியன் அரளிச்செடி, இந்தப் பக்கம் லைட் இல்லாமல் எதிர்த்திசையில் ஓரமாக வரும் மோட்டார் சைக்கிள். செத்துப்போன நாயைக் காப்பாற்ற உயிரோடு இருக்கிற மனிதனை இடிப்பதில் என்ன நியாயம்?

செய்ய வேண்டியது: கால் ஆக்சிலரேட்டரை விட்டு வரட்டும், கண் கண்ணாடிக்குப் போகட்டும். பின்னால் ஆள் இல்லையா, நேராகவே பிரேக்கை நன்றாக அழுத்துங்கள், ஹசார்டு லைட்டைத் தட்டுங்கள். வேகம் குறைந்தபின், பக்கத்து லேன் காலியாக இருந்தால் நிதானமாக நகருங்கள். காலியில்லையா, நின்றுவிடுங்கள். கேவலம் ஒன்றுமில்லை. புதிய கார்களில் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். பெடல் காலடியில் கிடுகிடுவென்று ஆடும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது. ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் திரும்பியும் வண்டி திரும்பாது. விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும்.

எதற்கும் வழியில்லை, ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, முடிந்தவரை வேகத்தைக் கொன்று, கடைசி நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். குனிந்திருந்த மூக்கு நிமிரும். அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் சம்ப்புக்கும் உங்களுக்கும் கிடைக்கிற லாபம். நடுவில் விடுவது என்பது பெருச்சாளி, பாம்பு, நசுங்கித் தட்டையாகிவிட்ட ஏதாவது ஒன்று என்றால் சரி. ஒரு செருப்பு உயரத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம். ஸ்கார்பியோக்காரர் செய்வதைப் பார்த்து நாம் செய்யக்கூடாது.

அடிபட்டபின் நடப்பதுதான் பணத்தைத் தின்பது. கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கின் மேல் நேராக உட்கார்ந்து ஓடுவதில்லை என்பது நமக்குத் தெரியும். நடுவில் முடியைவிட மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது, அதைப் பம்ப் அழுத்தத்தோடு அனுப்புகிறது. சம்ப் உடைந்து ஆயில் கொட்டினால் பம்ப் காற்றை உறிஞ்சும். படலம் போய் இரும்பும் பேரிங்கும் நேராக உரசும். சூடாகி, பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சம்ப் மட்டும் மாற்றி ஆயில் ஊற்றியிருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும். அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்குத்தான் மீதி அத்தனையும். சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் ஓரம் கட்டி உடனே ஆஃப். பங்க் எதிரிலேயே இருந்தாலும் தள்ளிக்கொண்டு போங்கள்.

லைட் எரியாவிட்டாலும் பத்திரமான இடத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். வண்டிக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டாம், குனிந்து பார்த்தாலே போதும். நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் ஏ.சி. தண்ணீர், பயமில்லை. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கூலன்ட். ரேடியேட்டர் போச்சு, டெம்பரேச்சர் ஏறும் முன் நிறுத்த வேண்டும். கறுப்பும் பழுப்பும் ஆயில். சக்கரத்துப் பக்கம் இளமஞ்சளாக வழவழப்பாக இருந்து, பெடலும் பொசபொசவென்று இறங்கினால் பிரேக் ஆயில். அந்த வண்டியை ஓட்டவே கூடாது. அடியில் பிளாஸ்டிக் தடுப்பு தொங்கிக்கொண்டு உரசினால் கயிறு போட்டுக் கட்டிவிட்டு மெதுவாகப் போகலாம்.

சைலன்சரில் ஒட்டியது தீய்ந்து நாறும். மறுநாள் வாட்டர் சர்வீஸுக்கு விடுங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீர் அடிக்க வேண்டாம். நீங்களே கழுவுவதானால் கையுறை கட்டாயம். செத்த நாயின் எச்சிலிலும் மூளையிலும் ரேபிஸ் கிருமி இருக்கக்கூடும். கையில் சிராய்ப்பு இருந்து அதில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஜி.ஹெச். போய் ஊசிக்குக் கேளுங்கள். நாய்தான் செத்துப்போச்சே என்று இருந்துவிடாதீர்கள்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன். பயணிகளை வேறு வண்டி பிடித்து அனுப்பிவிட்டு, மாமாவும் நானும் பங்க்கிலேயே உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. விடிந்ததும் இரண்டு பேரும் ரோட்டோரமாகத் திரும்பி நடந்தோம். நாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பெரிய கருங்கல். ஒன்றில் புதிதாக ஆயில் கறை. வருகிறவர் பார்த்து விலகட்டும் என்று யாரோ நல்ல மனசோடு வைத்திருக்கிறார்கள். ரிப்பேரான லாரிக்குக் கல் வைப்பார்களே, அந்த வழக்கம். ராத்திரியில் நாயாவது தெரிந்தது, கல் தெரியவில்லை.

இன்னொன்றையும் பார்த்தோம். ராத்திரி ஒரு நாய்தான் கிடந்தது. காலையில் இரண்டு. இறைச்சிக்கு வந்ததோ, தன் ஜோடியைத் தேடி வந்ததோ தெரியாது. ஒரு பிணம் ரோட்டில் கிடந்தால் அதைத் தின்ன வருகிற நாயும் நரியும் பருந்தும் அங்கேயே அடிபடும். அதனால் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடாமல், தேசிய நெடுஞ்சாலையானால் 1033-க்குப் போன் செய்யுங்கள். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும். சென்னை மாநகராட்சிக்குள் என்றால் 1913. காட்டு வழியில் மான், மரநாய் போன்றவை கிடந்தால் தொடவே வேண்டாம், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நாமே அப்புறப்படுத்துவது வண்டி குறைந்த ஊர்ச்சாலையில், பகலில், இரண்டு பேர் இருந்தால் மட்டும். ஒருவர் வருகிற வண்டியை மட்டும் பார்க்க வேண்டும், வேறு வேலை கூடாது. சாக்கில் புரட்டி, தாரிலிருந்து பத்தடியாவது உள்ளே இழுத்துப் போட வேண்டும். ஓரத்திலேயே போட்டால் காக்கை அதைத் திரும்ப ரோட்டுக்குத்தான் இழுக்கும். நாலுவழிச் சாலையில் ராத்திரி இறங்கவே கூடாது. அன்று நாங்கள் போன் செய்துவிட்டு ஓரத்தில் நின்றோம். ரோந்து வண்டி வந்து, பின்னால் கூம்பு வைத்துவிட்டு எடுத்தார்கள். இரண்டு கல்லையும் மாமா தானே கேட்டு வாங்கி, பள்ளத்துக்குள் உருட்டிவிட்டார்.

இன்ஜின் வேலை முடிய இருபத்திரண்டு நாள் ஆனது. அந்த இருபத்திரண்டு நாளும் சவாரி இல்லை, வண்டி டியூ மட்டும் இருந்தது. இப்போது டிசையர் டிக்கியில் ஒரு சாக்கு, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, சிவப்பு முக்கோணம், நல்ல டார்ச் இருக்கின்றன. ராத்திரிச் சவாரி என்றால் மாமா 70-க்கு மேல் போவதில்லை. நான் கூடப் போனால் முன்சீட்டில்தான் உட்காருகிறேன். மில்லிமீட்டர் எதுவும் சொல்வதில்லை. காக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருகிறேன்.