புதிய ரைபிள் குழலைப் பழக்குதல்

புதிதாக வாங்கிய தோசைக்கல்லில் எவரும் அன்றைக்கே மாவு ஊற்றுவதில்லை. எண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயத்தால் தேய்த்துச் சில நாள் பழக்கிய பின்னரே அது பயன்பாட்டுக்கு வரும். புதிய ரைபிளின் குழலையும் இவ்வாறு பழக்க வேண்டும் என்ற நம்பிக்கை துப்பாக்கி வைத்திருப்போரிடையே உலகெங்கும் பரவியுள்ளது. முதல் தோட்டாவைச் சுட்டவுடன் குழலைச் செம்புக்கறை நீங்கத் துடைத்தல். இரண்டாவதைச் சுட்டு மீண்டும் துடைத்தல். இவ்விதம் பத்து முறை செய்தல். பின்னர் மும்மூன்றாகச் சுட்டுத் துடைத்தல் என்பது வழக்கமான முறை. முடிவதற்குள் இருபது முதல் நாற்பது தோட்டாக்கள் வரை செலவாகிவிடும். இம்முறையில் விஞ்ஞானம் எவ்வளவு, வெறும் வழக்கம் எவ்வளவு என்பது ஆராயத்தக்கது.

தோட்டாக்களைத் தாராளமாக வாங்கக்கூடிய நாடுகளில் இது பொழுதுபோக்கு வினா. இந்தியாவில் அவ்வாறன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இந்நாட்டில் விளையாட்டு வேட்டை என்பது மறைந்தது. வேட்டை ரைபிள்கள் இன்று வனத்துறை ஊழியர்களிடமும், பயிர்ப் பாதுகாப்புக்காகவோ தற்காப்புக்காகவோ உரிமம் பெற்ற குடிமக்களிடமும் உள்ளன. ஓர் உரிமதாரர் எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காய் மானும் காட்டுப்பன்றியும் ஓராண்டுக் காலத்திற்குத் தீங்குயிர்களாக அறிவிக்கப்பட்டன. கேரளத்தில் 2022-ஆம் ஆண்டு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளின் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய பணிக்கு அழைக்கப்படுபவர் தம் தோட்டாக்களில் பெரும்பகுதியைக் குழல் பழக்குவதில் செலவிட்டு, குறிபார்க்கும் பயிற்சிக்கு மிச்சமின்றிப் புறப்படுவாராயின், அதன் விளைவு காயம்பட்ட பன்றி ஒன்று புதருக்குள் மறைவதாகும். அதனைத் தேடிப் புதருக்குள் நுழைய வேண்டியவரும் கள ஊழியரே.

வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள ஈஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .315 ரைபிள் இந்நாட்டில் நெடுங்காலமாகப் பழகிய ஒன்று. பிரிட்டிஷ் ஆட்சியில் இராணுவத்தின் .303 தோட்டாவைக் குடிமக்கள் வைத்திருப்பது தடுக்கப்பட்டிருந்தமையால், ஆஸ்திரிய நாட்டு 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை ஒட்டி இவ்வளவு வழக்கிற்கு வந்தது. இங்குக் கூறப்படுவது இந்த ரைபிளுக்கும், செம்புக்கலவை உறையிட்ட குண்டுகளைச் சுடும் பிற வேட்டை ரைபிள்களுக்கும் பொருந்தும்.

குழல் உருவாகும் விதத்தை அறிந்தால் பழக்குதலின் காரணம் விளங்கும். எஃகுத் தண்டில் முதலில் நீண்ட துளை இடப்படுகிறது. அது கடைந்து சமப்படுத்தப்பட்டபின், குண்டினைச் சுழலச் செய்யும் திருகுவரிகள் உள்ளே அமைக்கப்படுகின்றன. இவ்வரிகளைக் கத்தியால் செதுக்குவதும் உண்டு; கடினமான குமிழை இழுத்து அழுத்துவதும் உண்டு; உள்ளே அச்சுக்கோலை வைத்து வெளியிலிருந்து சம்மட்டிப் பொறியால் அடித்து உருவாக்குவதும் உண்டு. உயர்ந்த விலைக்குச் செய்யப்படும் குழல்களை, ஈயக் கட்டியில் தேய்ப்புப்பொடி பூசிக் கையால் முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவர். இம்மெருகின் கோடுகள் குண்டு செல்லும் திசையிலேயே அமைகின்றன.

ஆனால் குழல் எவ்வளவு மெருகுடையதாயினும், தோட்டா அறையைப் பெரும்பாலும் இறுதியில்தான் கடைகிறார்கள். அறை முடிந்து வரிகள் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பர். கடையும் கருவி சுழன்று வெட்டுவதால், தொண்டையில் எஞ்சும் நுண்ணிய கோடுகள் குண்டின் பாதைக்குக் குறுக்காக அமைகின்றன. ஓர் அரத்தின் பற்களைப் போல இவை குண்டின் உறையைச் சுரண்டுகின்றன. வெடிமருந்து எரிந்து எழும் வாயுவின் உஷ்ணமோ எஃகின் உருகுநிலையையும் மிஞ்சுவது. சுரண்டப்பட்ட செம்புத் துகள்களை இவ்வாயு ஏந்திச் சென்று, அப்பால் உள்ள குழற்பகுதியில் படியவிடுகிறது. அடுத்து வரும் குண்டு அப்படிவின் மேல் மேலும் செம்பை விட்டுச் செல்கிறது. குண்டுகள் செல்லச் செல்லத் தொண்டையின் முனைகள் மழுங்குகின்றன, சுரண்டலும் குறைகிறது. பழக்குதல் என்பதன் உண்மைப் பொருள் இவ்வளவே.

தோசைக்கல்லோடு உள்ள ஒப்புமை இவ்விடத்தில் முறிந்துவிடுகிறது. கல்லில் எண்ணெய்ப் படலம் ஏற ஏற நலம். குழலில் செம்புப் படலம் ஏறாதிருத்தலே நலம். முதற்குண்டுகளுக்கு இடையே துடைப்பதன் நோக்கம், செம்பின்மேல் செம்பு அடுக்காகச் சேருவதைத் தடுப்பதேயன்றி, குழலுக்குப் புதிய குணம் ஒன்றை ஊட்டுவது அன்று. தொண்டையை மழுங்கச் செய்வது குண்டே, துணி அன்று. இதனைப் பலர் தலைகீழாக எண்ணி, துடைத்தலையே சிகிச்சையாகக் கருதுகின்றனர்.

இம்முறையால் குழலின் துல்லியம் உண்மையில் மிகுகிறதா? இதற்கு ஐயமற்ற விடை கூறுவது எளிதன்று. காரணம் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத் தக்கது. ஒரே குழலைப் பழக்கியும் பழக்காமலும் சோதிக்க இயலாது. இரண்டு குழல்களை எடுத்துக்கொண்டால், ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்டவையாயினும் அவை முற்றும் ஒத்தவை அல்ல. போதாக்குறைக்கு, மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்ததைக் கண்டு குழல் திருந்திவிட்டது என்று முடிவு செய்வோர் பலர். ஒரு காசை மூன்று முறை சுண்டி மூன்றும் தலையாக விழுவது எட்டில் ஒரு முறை தானாகவே நிகழும். சிறிய தொகுதியிலிருந்து பெரிய முடிவு எடுப்பது எத்தகைய பிழை என்பதற்கு இது தக்க சான்று. குழல் செய்யும் வல்லுநர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் பழக்கும் முறையைத் தம் குழலோடு எழுத்தில் தருகின்றனர். வேறு சிலர், குழலின் ஆயுளில் ஒரு பகுதியை வீணாக்கி அடுத்த குழலை விரைவில் வாங்கச் செய்யும் உபாயம் என்றே இதனை இகழ்கின்றனர். உட்புறம் குரோமியம் பூசிய குழலுக்கு இது வேண்டுவதில்லை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

எனவே கள ஊழியருக்கு ஏற்றது நடுவழி. ரைபிளின் பின்குறி, முன்குறிகளைச் சரிப்படுத்த எவ்வாறாயினும் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்கள் வேண்டும். அவற்றையே பழக்குவதற்கும் பயன்படுத்திக்கொண்டால் தனிச்செலவு இல்லை.

இதற்கு முன் தவறாது செய்யவேண்டியது ஒன்று. புதிய ரைபிள் துருக்காப்புக் கிரீசுடன் வரும். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றி, கிரீசு முழுவதையும் துடைத்தெடுத்து, அடிப்புறத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலைக் கண்ணால் பார்க்கவேண்டும். கெட்டியான கிரீசோ துணித்துண்டோ உள்ளே தங்கியிருக்கச் சுட்டால் குழல் புடைத்துவிடும், வெடிக்கவும் கூடும். பழக்கும் முறைபற்றி மணிக்கணக்கில் வாதிடுவோர் சிலர் இந்த அரை நிமிட வேலையை மறந்துவிடுவது வியப்புக்குரியது.

பின்னர், அனுமதி பெற்ற சுடுதளத்தில், மணல்மூட்டை மேல் ரைபிளைத் தாங்கவைத்து, 50 கெஜ தூரத்தில் முதல் ஐந்து குண்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொன்றுக்கும் பின் செம்பு கரைக்கும் திரவத்தால் துடைக்கலாம். குறியைச் சரிப்படுத்தும் வேலையும் இவற்றிலேயே தொடங்கிவிடும். அடுத்து மும்மூன்றாக இரண்டு தொகுதிகள்; தொகுதிக்கு ஒரு முறை துடைத்தல் போதும். துணியில் கறை குறைந்து வருமாயின் வேலை முடிந்தது. ஐந்தாம் குண்டுக்கு முன்னரே குறைந்துவிட்டால் நிறுத்திவிடலாம். எண்ணிக்கையில் மந்திரம் ஏதுமில்லை. குண்டுகளுக்கிடையே குழல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவேண்டும். வெப்பமேறிய குழலை விடாது சுடுவதே தொண்டையை விரைவில் அரிக்கும். பழக்காமையால் வரும் கேட்டினும் இது பெரிது.

கறையைக் காண்பது எவ்வாறு? செம்பு கரைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையோடு அம்மோனியா செம்பைக் கரைக்கும்போது ஆழ்ந்த நீலநிறம் தோன்றுகிறது. துணித்துண்டு நீலமாக வந்தால் குழலில் செம்பு உள்ளது என்பது பொருள். இதைப் பள்ளியிலும் காட்டலாம். சன்னல்கள் திறந்த அறையில், ஒரு கண்ணாடிப் புட்டியில் செம்புக் கம்பித் துண்டுகளை இட்டு, நீர்த்த அம்மோனியாவைப் பாதியளவு ஊற்றிக் குலுக்கி வைத்தால் சிறிது நேரத்தில் நீலம் படரும். புட்டியை இறுக மூடிவைத்தால், உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்தபின் நிறம் மங்கத் தொடங்கும். திறந்து காற்றுப் படச் செய்தால் மீண்டும் நீலமாகும். கள ஊழியருக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெண்கலத் தூரிகையும் பித்தளை முனையும் செம்பு கலந்தவையே. அவற்றோடு இத்திரவத்தைச் சேர்த்துப் பயன்படுத்தினால் தூய குழலிலிருந்தும் நீலத்துணி வரும். கறை தீரவில்லை என்று எண்ணி நாள் முழுவதும் குழலைத் தேய்த்துக்கொண்டிருக்க நேரும். சோதனைக்கு நைலான் தூரிகையே தக்கது. திரவத்தைக் குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் குழலில் விட்டுவைத்தலும் ஆகாது.

துடைக்கும் கோலை அடிப்புறத்திலிருந்தே செலுத்தவேண்டும். குழல்வாயின் விளிம்பே குண்டு கடைசியாகத் தொடும் இடம். வாய்ப்புறத்திலிருந்து கோலையோ மணல் ஒட்டிய கயிற்றையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அவ்விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்து, வாயு சமமின்றி வெளியேறிக் குண்டினைச் சாய்த்துவிடும். துடையாமையால் கெட்ட குழல்களும் உண்டு. தவறாகத் துடைத்துக் கெட்ட குழல்களும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

பழைய இருப்பிலிருந்து வரும் தோட்டாக்களைப்பற்றித் தனியே கூறவேண்டும். பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பு சேர்ந்திருப்பதுண்டு. அது வெடித்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு; சமையலுப்புக்கு நெருங்கிய உறவு. ஈரக்காற்றில் இது நீரை இழுத்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயில் இவ்வுப்பு கரையாது. ஆகையால் சுட்டபின் எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைப்பது, உப்பின்மேல் போர்வை போர்த்துவதற்கு ஒப்பாகும். .303 ரைபிள் ஏந்திய காலத்துச் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றியது இதனாலேயே. நீர் உப்பைக் கரைத்துவிடும். கொதிநீரின் சூட்டால் குழலும் விரைவில் உலரும். அதன் பிறகே எண்ணெய். இரண்டு இரும்பு ஆணிகளை உப்புநீரில் நனைத்து உலர்த்தி, ஒன்றை நேரே எண்ணெயிட்டும், மற்றதை வெந்நீரில் கழுவித் துடைத்து எண்ணெயிட்டும் ஒரு வாரம் ஈரமான இடத்தில் வைத்தால் மாணவர்கள் வேறுபாட்டைத் தாமே காண்பர்.

மழைக்காலத்தில் எண்ணெயிட்ட குழலே பாதுகாப்பானது. ஆயினும் எண்ணெய்க் குழலிலிருந்து செல்லும் முதற்குண்டு மற்றவை விழும் இடத்தில் விழாது போகலாம். கள ஊழியருக்கு வேண்டுவதோ பெரும்பாலும் அந்த முதற்குண்டுதான். ஆகவே பணிக்குப் புறப்படுமுன் உலர்ந்த துணியால் எண்ணெயை நீக்கிவிடவேண்டும். குறி சரிப்படுத்திய நாளன்று, ஆறிய உலர்ந்த குழலின் முதற்குண்டு இலக்கில் எங்கு விழுந்தது என்பதைத் தனியே அளந்து, தோட்டாக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.