கரண்டி ஏன் வெடித்தது?

கேள்வி: முற்றத்துக் கொய்யாக் கிளையை வெட்டிய கையோடு கரண்டி செதுக்கினேன். இரண்டே நாளில் குழியின் நடுவே விரிசல்! காய்ந்த மரத்தில்தான் செய்ய வேண்டுமா? – வாசகர், தென்காசி

பதில்: பச்சை மரமே நல்லது; கத்தி சுகமாக இறங்கும். கிளையைப் பிளக்காமல் அப்படியே செதுக்கியிருப்பீர்கள். காயும்போது மரம், அதன் வளர்ச்சி வளையத்தின் போக்கில்தான் அதிகம் சுருங்கும். வளையங்களின் நடுப்புள்ளி கரண்டிக்குள்ளே இருந்தால் வெடித்தே தீரும். கோடரியால் நெடுக இரண்டாகப் பிளந்து, அந்தப் புள்ளி இருக்கும் பகுதியை முழுசாகச் செதுக்கித் தள்ளிவிடுங்கள். குழியின் சுவர் எங்கும் ஒரே கனமாக இருக்கட்டும். செய்து முடித்ததை, செதுக்கிய சீவல்களோடு காகிதப் பையில் போட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். மின்விசிறிக் காற்றுகூடப் படக் கூடாது. உப்புத்தாளெல்லாம் அதன் பிறகுதான். கொய்யா அருமையான தேர்வு. அரளி, எட்டி பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், இரண்டும் நஞ்சு. வெடித்த கரண்டியா? அடுப்பெரிக்க ஆகும்.